ரொட்டி திருடிய பாட்டியும் நியூயார்க் மேயரும்: லாகார்டியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸாப்பில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு அந்தக் கதை வந்துவிடும். உங்களுக்கும் வந்திருக்கும். 1930களின் நியூயார்க், உறைய வைக்கும் குளிர் இரவு, பேரப்பிள்ளைகளின் பசிக்காக ரொட்டி திருடிப் பிடிபட்ட ஒரு பாட்டி. நீதிபதி நாற்காலியில் அன்று உட்கார்ந்திருப்பவர் நகரத்தின் மேயர். பாட்டிக்கு 10 டாலர் அபராதம் போட்டு, அதைத் தன் பையிலிருந்தே எடுத்துத் தொப்பியில் போடுகிறார். பிறகு, ஒரு பாட்டி ரொட்டி திருட வேண்டிய நிலையில் வைத்திருக்கும் ஊரில் வாழ்கிற குற்றத்துக்காக, கோர்ட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஆளுக்கு 50 சென்ட் அபராதம் விதிக்கிறார். அந்த மேயர் ஃபியோரெல்லோ லாகார்டியா. இந்தக் கதையைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் இதைச் சொல்லுங்கள், அந்த ரொட்டிக் கதை நிஜமா?

நான் நம்பவில்லை. ஒரு வடிவத்தில் பாட்டி வருகிறார், இன்னொன்றில் தாத்தா. வசூலான தொகை மட்டும் 47 டாலர் 50 சென்ட் என்று பைசா சுத்தமாக இருக்கிறது. வாய்வழியாகப் பரவிய கதைகளுக்கு இப்படி ஒரு துல்லியமான எண் எப்போதும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அதற்குள் ஓர் உண்மையும் உண்டு. அன்றைய நியூயார்க் மேயருக்கு மாஜிஸ்திரேட்டாக உட்காரும் உரிமை இருந்தது, ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த அந்த உரிமையை லாகார்டியா நிஜமாகவே எடுத்துப் பயன்படுத்தினார். 1934 தொடக்கத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கே போய் உட்கார்ந்து, ஸ்லாட் மெஷின் வைத்திருந்த வழக்கை விசாரித்தார். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் பழப்படங்கள் சுற்றுமே, அந்தச் சூதாட்டப் பெட்டிதான். பறிமுதல் செய்த பெட்டிகளைச் சம்மட்டியால் அவரே அடித்து நொறுக்கும் போட்டோ இருக்கிறது. உடைந்ததையெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் கொட்டினார்கள். ரொட்டிக் கதையை அவர் தலையில் கட்டியவர் யாராக இருந்தாலும் ஆளைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இவர் யார், எந்த ஊர்?

1882 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் பிறந்தவர். அப்பா இத்தாலியிலிருந்து வந்தவர், அமெரிக்க ராணுவத்தில் பேண்ட் மாஸ்டர். அம்மா ட்ரியெஸ்டே நகரத்து யூதப் பெண். ஃபியோரெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் சின்னப் பூ, ஆளும் 5 அடி 2 அங்குலம்தான். கீச்சுக் குரல், உருண்டை உடம்பு, தலையில் அகல விளிம்புத் தொப்பி. கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு வேலையே வைக்காத உருவம்.

நியூயார்க்கில் பிறந்தாரே தவிர வளர்ந்தது அரிசோனாவில், அப்பாவின் படைமுகாமை ஒட்டிய பிரெஸ்காட் என்ற ஊரில். அங்கே நடந்த ஒன்றைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தெருவில் பெட்டி வாத்தியம் வாசித்துக்கொண்டு, குரங்கோடு ஓர் இத்தாலியர் வருகிறார். உடனே கூடப் படிக்கும் பையன்கள், நீயும் இத்தாலியன்தானே, உன் குரங்கு எங்கேடா என்று இவரைக் கிண்டல் செய்கிறார்கள். அது போதாதென்று அப்பா வந்து அந்த வாத்தியக்காரரிடம் இத்தாலிய மொழியில் பேசி, வீட்டுக்குக் கூட்டிப்போய் மக்கரோனி போடுகிறார். பையனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. 40 வருஷம் கழித்து மேயராக வந்து 1936இல் நியூயார்க் தெருக்களில் அந்த வாத்தியக்காரர்களைத் தடைசெய்தபோது, பிச்சை, போக்குவரத்து இடைஞ்சல் என்று என்னென்னவோ காரணம் சொன்னார். அரிசோனாக் குரங்கும் அதில் இருந்தது என்பது என் அனுமானம்.

அப்பாவின் சாவுக்கும் அரசியலுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது, அமெரிக்க ராணுவத்துக்குக் கெட்டுப்போன இறைச்சியைச் சப்ளை செய்த ஊழல் ஒன்று பெரிதாக வெடித்தது. அதைச் சாப்பிட்டுத்தான் தன் அப்பாவின் உடம்பு கெட்டது என்று லாகார்டியா கடைசிவரை நம்பினார். அப்பா 1904இல் இறந்தார். அரசாங்கக் காண்ட்ராக்டில் லாபம் பார்ப்பவர்கள் மீது அவருக்கு இருந்த வெறி அங்கே ஆரம்பித்ததுதான்.

இத்தனை மொழிகளை எங்கே கற்றார்?

பிழைக்கப் போன இடங்களில். வாலிப வயதில் புடாபெஸ்டிலும், பிறகு ஃபியூமே துறைமுகத்திலும் அமெரிக்கத் தூதரக அலுவலகங்களில் வேலை பார்த்தார். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களை ஏறுமுன்பே டாக்டர் பார்க்க வேண்டும் என்று ஃபியூமேயில் பிடிவாதம் பிடித்தார். கடல் தாண்டிப் போன பிறகு நோயாளி என்று திருப்பி அனுப்பினால், வீட்டை நிலத்தை விற்று டிக்கெட் வாங்கிய குடும்பம் என்ன ஆகும்? ஓர் இளவரசி கப்பல் ஏற்றும் காட்சியைப் பார்க்க விரும்புகிறார், பயணிகளை முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவந்தபோதும் முடியாது என்றுவிட்டார்.

நியூயார்க் திரும்பி, குடியேறிகள் வந்து இறங்கும் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். இத்தாலியன், ஜெர்மன், குரோஷியன், யூதர்கள் பேசும் இத்திஷ். பகலில் தீவில் வேலை, மாலையில் சட்டக் கல்லூரி. 1910இல் வக்கீலானார்.

இந்த மொழிகள் எப்படி உதவின என்பதற்கு 1922 தேர்தலைச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்துக்குப் போட்டி. எதிராளி ஒரு யூதர், அவர் தரப்பிலிருந்து லாகார்டியா யூதர்களின் விரோதி என்று ஓட்டர்களுக்கு அட்டைகள் பறந்தன. என் அம்மாவே யூதப் பெண் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஓட்டுக்காக அம்மாவை இழுக்க மாட்டேன் என்றார். அதற்குப் பதிலாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: நாம் இருவரும் மேடையில் விவாதிப்போம், முழுக்க முழுக்க இத்திஷ் மொழியில். யூத வேட்பாளருக்கு இத்திஷ் வராது! லாகார்டியா சொற்ப ஓட்டில் ஜெயித்தார்.

எந்தக் கட்சி?

ரிப்பப்ளிகன் என்பது பெயருக்கு. 1924இல் கட்சியோடு முட்டிக்கொண்டு சோஷலிஸ்ட் சீட்டில் நின்று ஜெயித்தார். பிறகு எதிர்க்கட்சியான டெமாக்ரட் கட்சியின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோடு தோளில் கைபோடும் நட்பு. நாடாளுமன்றத்தில் அவர் பெயரைத் தாங்கிய சட்டமே ஒன்று உண்டு, 1932இன் நோரிஸ்-லாகார்டியா சட்டம். வேலைநிறுத்தம் என்றாலே முதலாளி கோர்ட்டுக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கிவரும் வழக்கத்துக்கு அது கடிவாளம் போட்டது. யூனியனில் சேரமாட்டேன் என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தங்களையும் செல்லாததாக்கியது.

மதுவிலக்கு அமலில் இருந்தபோது 1926இல், கடையில் சட்டப்படி கிடைக்கும் இரண்டு பானங்களைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் கலந்து பீர் தயாரித்துக் காட்டி, முடிந்தால் கைது செய்யுங்கள் என்றார். யாரும் கைது செய்யவில்லை.

டாமனி ஹால் என்று அடிக்கடி வருகிறதே, அது என்ன?

நியூயார்க் டெமாக்ரட் கட்சியின் உள்ளூர் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு விளக்கவே வேண்டியதில்லை. வட்டத்துக்கு ஒரு கட்சிக்காரர் இருப்பார். வேலை வேண்டுமா, லைசென்ஸ் வேண்டுமா, பையனைப் போலீஸ் பிடித்துவிட்டதா, அவரைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் கரி, பண்டிகைக்கு வான்கோழி என்று ஏழை வீட்டுக்கு அவர் கொண்டுவந்து கொடுப்பார், தேர்தலன்று ஓட்டாக வாங்கிக்கொள்வார். மேலே போகப்போக நீதிபதி பதவிக்குக்கூட விலை இருந்தது.

1930 வாக்கில் சாமுவேல் சீபரி என்ற முன்னாள் நீதிபதி இதைத் தோண்டினார். ஷெரீஃபாக இருந்த ஃபார்லி என்பவரின் வங்கிக் கணக்கில் சம்பளத்தைப் போலப் பல மடங்கு பணம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது என்றார். மந்திரப் பெட்டியோ என்று சீபரி நக்கலாகக் கேட்க, ஆமாம், அருமையான பெட்டி என்று இவரும் ஒத்துக்கொண்டார். விசாரணை மேயர் ஜிம்மி வாக்கர் வரை எட்டி, 1932 செப்டம்பரில் அவர் ராஜினாமா செய்தார். இதே வாக்கரிடம்தான் 1929இல் லாகார்டியா படுதோல்வி அடைந்திருந்தார். 1933இல் டாமனியை எதிர்த்தவர்கள் ஒன்றுசேர்ந்து இவரை நிறுத்தினார்கள், எதிர் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது, பாதிக்கும் குறைவான ஓட்டிலேயே மேயராகிவிட்டார்.

வந்ததும் என்ன செய்தார்?

1934 ஜனவரி 1 அன்று பதவியேற்று, நகர மண்டபத்துக்குள் நுழையும்போது இத்தாலிய மொழியில், ஓசிச் சாப்பாடு முடிந்தது என்ற அர்த்தத்தில் ஒன்றைச் சொன்னார். பிறகு சிக்கனச் சட்டம் என்று ஒன்றை மாநிலச் சட்டமன்றத்தில் போராடி வாங்கி, சம்பளத்தையும் ஆட்களையும் குறைத்தார். வேலையில்லாதோர் நிவாரணத்துக்காக 2 சதவீத விற்பனை வரி போட்டார். ஏழை வாங்கும் பொருளுக்கும் அதே வரிதான், இவரைப் போன்ற ஆள் அதைச் செய்தது பலருக்குக் கசந்தது. முன்பைவிட நிறைய நகராட்சி வேலைகளைப் பரீட்சை வழியாகக் கொடுத்தார். கட்சிக்காரரின் சீட்டு இல்லாமல் யூத, இத்தாலிய வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியராக, தீயணைப்பு வீரராக உள்ளே வந்தது இப்படித்தான். டாமனிக்கு ஸ்லாட் மெஷின் உடைத்ததைவிட இது பெரிய அடி என்பேன், ஆனால் பரீட்சையைப் போட்டோ எடுக்க முடியாதே.

காலியான கஜானாவை வைத்துக்கொண்டு இத்தனையும் எப்படிக் கட்டினார்?

அவர் கதையில் இதுதான் முக்கியமான கேள்வி, எந்த ஃபார்வர்டிலும் வராத கேள்வியும் இதுதான். பணம் வாஷிங்டனிலிருந்து வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தை எதிர்த்து ரூஸ்வெல்ட் மத்திய அரசுப் பணத்தைக் கொட்டிய காலம் அது. மற்ற ஊர்கள் திட்டம் எழுத ஆரம்பிக்கும் முன்பே லாகார்டியா வரைபடங்களோடு ரயிலேறிப் போய் நிற்பார். வேலைவாய்ப்புத் திட்டத்தில் நியூயார்க் நகரத்தை ஒரு தனி மாநிலம் போலவே கணக்கில் வைத்தார்கள். மேயர் வந்து சோகக் கதை சொல்லுவார், என் கண்ணில் நீர் வழியும், பார்த்தால் இன்னொரு 5 கோடி டாலரைக் கறந்துகொண்டு போயிருப்பார் என்று ரூஸ்வெல்ட்டே வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

பாலங்கள், குடியிருப்புகள், பள்ளிகள், பூங்காக்கள். 1936 கோடையில் மட்டும் 11 பெரிய நீச்சல் குளங்கள். 1940இல் தனியார் கையில் இருந்த இரண்டு சுரங்க ரயில் கம்பெனிகளை வாங்கி நகரத்தின் ரயிலோடு சேர்த்தார், டிக்கெட் 5 சென்டாகவே இருந்தது.

பூங்காக்கள், பாலங்கள் என்றாலே நகரப் பூங்காத் துறையின் கமிஷனர் ராபர்ட் மோசஸ் பெயரும் கூட வரும். காரியத்தை முடிக்கிறவர், ஆனால் யாருக்கும் அடங்காதவர். கேட்டது கிடைக்காவிட்டால் ராஜினாமா செய்கிறேன் என்பார். சலித்துப்போன மேயர், ‘ராபர்ட் மோசஸாகிய நான் ராஜினாமா செய்கிறேன், தேதி ____’ என்று அச்சடித்தே வைத்திருந்தார், கோபித்துக்கொண்டு வந்தால் ஒரு தாளைக் கிழித்து நீட்டுவார் என்பார்கள்.

விமான நிலையத்துக்கு இவர் பெயர் எப்படி வந்தது?

அடம்பிடித்து. 1934 நவம்பரில் ஒரு விமானத்தில் ஊர் திரும்பினார். அப்போது நியூயார்க் விமானம் என்பது பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் நூவார்க்கில்தான் இறங்கும். எல்லாரும் இறங்கினார்கள், இவர் இறங்கவில்லை. டிக்கெட்டில் நியூயார்க் என்று போட்டிருக்கிறது, இது நியூயார்க் இல்லையே என்றார். வேறு வழியில்லாமல் இவர் ஒருவருக்காக விமானத்தைக் கிளப்பிப் புரூக்ளினில் இருந்த ஃபிளாய்ட் பென்னட் தளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் தயாராக நின்றார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா. குயின்ஸ் பகுதியில் கடலோரத்தில் மண் கொட்டி மேடாக்கி, மத்திய அரசுப் பணத்தில் கட்டிய புதிய நிலையம் 1939 அக்டோபர் 15 அன்று திறந்தது. சில வாரங்களில் அவர் பெயரையும் அதனோடு சேர்த்தார்கள்.

காய்கறிக்குத் தடை போட்டாராமே?

இது நிஜம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்ட்டிசோக் என்று ஒன்று, முள் வைத்த தாமரை மொட்டு மாதிரி இருக்கும், இத்தாலியர் வீட்டில் அது இல்லாமல் பண்டிகை கிடையாது. சீரோ டெரனோவா என்ற ரவுடி கலிஃபோர்னியாவிலிருந்து வரும் சரக்கை மொத்தமாக வளைத்து, வியாபாரிகளை மிரட்டித் தன் விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆர்ட்டிசோக் ராஜா என்றே அவனுக்குப் பெயர்.

1935 டிசம்பரில், விடிந்தும் விடியாத குளிரில், பிராங்க்ஸ் மார்க்கெட்டில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மேயர் வந்தார். கூட வந்த போலீஸார் எக்காளம் ஊதினார்கள். ஒரு லாரியின் பின்பக்கம் ஏறி நின்று, சுருளைப் பிரித்து, அவசர நிலைமையை முன்னிட்டு நகரத்தில் இந்தக் காயை விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று ராஜா காலத்துத் தண்டோரா மாதிரி வாசித்தார். சரக்கு தேங்கியது, ரவுடியின் பிடி தளர்ந்தது, விலை இறங்கியது. சில நாளில் தடையை விலக்கிவிட்டார். அவருக்கும் ஆர்ட்டிசோக் பிடிக்குமாம்.

நம் ஊர் மேயரால் இப்படியெல்லாம் செய்ய முடியுமா?

முடியாது, அது ஆளைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை. சென்னை மேயர் மன்றத்துக்குத் தலைவர். நிர்வாக அதிகாரம் மாநில அரசு அனுப்பும் ஐஏஎஸ் கமிஷனரிடம் இருக்கிறது, போலீஸ் மாநகராட்சியின் கீழேயே வராது. நியூயார்க்கில் போலீஸ் கமிஷனரை நியமிப்பதும் நீக்குவதும் மேயர். ஃபார்வர்டை அனுப்பிவிட்டு நம் மேயரைத் திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கொஞ்சம் சர்வாதிகாரியோ?

கொஞ்சம் இல்லை, நிறையவே. அதிகாரிகளைப் பார்த்துக் கத்துவார். பெரிய தப்பு செய்தவருக்குப் பளபளவென்று தேய்த்த எலும்பு ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார். எங்கே தீப்பிடித்தாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போய் நிற்பார். கவர்ச்சி நடன அரங்குகளை மூடினார், பின்பால் என்ற, காசு போட்டு ஆடும் இயந்திர விளையாட்டைத் தடைசெய்தார் (அந்தத் தடை 1976 வரை நீடித்தது). தெருவில் தள்ளுவண்டி போட்டவர்களைக் கூரை போட்ட மார்க்கெட்டுக்குள் தள்ளினார். சுத்தமாயிற்று, உண்மை. ஆனால் உள்ளே கடை கிடைக்காமல் பிழைப்பை இழந்தவர்களும் உண்டு.

எனக்கு மன்னிக்க முடியாதது, மதத்தையும் பழைய ஒழுக்க விதிகளையும் விமர்சித்த தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் விஷயம். 1940இல் நியூயார்க் நகரக் கல்லூரி அவரைப் பேராசிரியராக நியமித்தது. மதவாதிகள் கூச்சல் போட்டார்கள், வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மேயர் சத்தமில்லாமல் பட்ஜெட்டிலிருந்து அந்தப் பதவிக்கான பணத்தையே எடுத்துவிட்டார். பீர் கலந்து காட்டிச் சட்டத்துக்குச் சவால் விட்டவரா இவர் என்று இருக்கும்.

கறுப்பின மக்களிடம் எப்படி நடந்துகொண்டார்?

இரண்டு விதமாகவும். 1935 மார்ச்சில், நியூயார்க்கின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியான ஹார்லெமில் ஒரு சிறுவன் கடையில் பேனாக்கத்தி திருடிப் பிடிபட்டான், அவனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பிக் கலவரம் வெடித்தது. மேயர் கமிஷன் அமைத்தார். போலீஸ் அராஜகமும் வேலையில் காட்டும் பாகுபாடும்தான் காரணம் என்று கமிஷன் எழுதியது, அறிக்கையை அவர் வெளியிடவே இல்லை. ஹார்லெமின் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் பத்திரிகைதான் 1936இல் அச்சிட்டது. 1939இல் ஜேன் போலினை நீதிபதியாக நியமித்தார், அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி அவர். 1943 கலவரத்தில் கறுப்பினத் தலைவர்களோடு தெருத்தெருவாகச் சுற்றி, போலீஸைக் கட்டுப்படுத்தி வைத்தார். அதே 1943இல், கறுப்பினத்தவருக்கு வீடு தரமாட்டோம் என்ற ஸ்டைவசன்ட் டவுன் குடியிருப்புக்கும் ஒப்புதல் கொடுத்தார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களிலிருந்து வெளியே வந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் நியூயார்க்கில் குடியேறுவதையும் எதிர்த்தார். குடியேறிகளுக்காக ஃபியூமே கப்பல் தளத்தில் சண்டை போட்ட அதே ஆள்தான்.

ஹிட்லரோடு சண்டையாமே?

1937இல் ஒரு கூட்டத்தில், வரப்போகும் உலகக் கண்காட்சியில் பயங்கரங்களின் அறை ஒன்று வைத்து அதில் அந்தப் பழுப்புச் சட்டை வெறியனை நிறுத்த வேண்டும் என்றார். ஜெர்மனி கொதித்தது, அமெரிக்க வெளியுறவுத் துறை வருத்தம் தெரிவித்தது, இவர் மேலும் பேசினார். ஜெர்மன் தூதரகம் பாதுகாப்பு கேட்டபோது, யூத போலீஸ்காரர்களாகப் பார்த்து அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு நடந்த சொந்த வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அவருடைய அக்கா ஜெம்மா, கல்யாணமாகி புடாபெஸ்டில் இருந்தார். 1944இல் நாஜிகள் பிடித்து ராவன்ஸ்ப்ரூக் முகாமில் அடைத்தார்கள். மகளும் கைக்குழந்தையான பேரனும் அங்கேயே சிறையில் இருந்தார்கள், கணவர் மவுத்தவுசன் முகாமில் இறந்தார். போர் முடிந்தும் ஜெம்மா அமெரிக்கா வர 1947 ஆகிவிட்டது. தம்பி 1946இல் ஐ.நா. நிவாரண அமைப்புக்கே தலைவராக இருந்தவர். உன்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள், உனக்கு மட்டும் விதியை வளைக்க முடியாது என்றுவிட்டார். நேர்மை என்பதா, கல்நெஞ்சு என்பதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரேடியோவில் காமிக்ஸ் படித்தது?

1945 ஜூலையில் பத்திரிகை விநியோகம் செய்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸ் இல்லாமல் பிள்ளைகள் தவிக்கும் என்று, நகரத்தின் சொந்த வானொலியில் மேயரே உட்கார்ந்து டிக் ட்ரேசி என்ற துப்பறியும் காமிக்ஸை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். அந்த ஒலிப்பதிவும் படமும் இன்றும் இருக்கின்றன. கை ஆட்டிக்கொண்டு, கொள்ளைக்காரன் வரும் இடத்தில் குரலை உயர்த்தி, முடிவில் பிள்ளைகளுக்குக் கெட்ட பணம் பற்றி உபதேசம் வேறு. ஞாயிறுதோறும் அவர் பேசுவது வழக்கம்தான். எந்த மீன் இந்த வாரம் மலிவு என்பதிலிருந்து போர் வரை எல்லாம் வரும்.

பிறகு என்ன ஆனார்?

1937, 1941 என்று மறுபடி ஜெயித்து 12 வருஷம் இருந்தார். மூன்றாவது முறை மனசு அங்கே இல்லை. ராணுவத்தில் ஜெனரல் ஆக வேண்டும் என்று ஆசை. முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர் அல்லவா. ரூஸ்வெல்ட் கொடுக்கவில்லை. 1945இல் நிற்கவில்லை, டாமனி ஆதரித்த ஓட்வயர் மேயரானார். 1946இல் சில மாதங்கள் அந்த ஐ.நா. நிவாரணப் பணி, ஐரோப்பாவின் பசிக்குக் கோதுமை சேர்க்கும் அலைச்சல்.

1947 செப்டம்பர் 20 அன்று, கணையப் புற்றுநோயால், பிராங்க்ஸில் தன் வீட்டில் இறந்தார். 64 வயது. அடமானத்தில் இருந்த அந்த வீடும் 8,000 டாலர் போர்ப் பத்திரங்களும்தான் மிச்சம். அன்று காலை நகரத்தின் தீயணைப்பு நிலையங்களில் மணி ஐந்தைந்தாக நான்கு முறை ஒலித்தது. பணியில் உயிர்விட்ட தீயணைப்பு வீரருக்கு அடிக்கும் மணி அது.